பெண்ணையாற்றங்கரையில் தானமும் தகுதியும்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் மலையமான் நாட்டின் தலைநகராக விளங்கி, சங்கப் புலவர்களால் கோவல் என்று பாடப்பெற்று, நெடுங்காலம் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 2019ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஓர் அங்கமாகிவிட்ட திருக்கோயிலூரைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதன் இரண்டு பெரிய கோயில்களையும், முதலாழ்வார் மூவரும் ஒரு மழையிரவில் நெருங்கி நின்ற இடைகழியையும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு. தானம் செய்கிறவன் யாருக்குச் செய்யவேண்டும், வாங்குகிறவனுடைய யோக்யதையை ஆராய்ந்து கொடுக்கவேண்டுமா, ஆராயாமலே கொடுக்கவேண்டுமா என்ற கேள்வி நம் தர்ம சிந்தனையில் மிகப் பழமையானது, இன்றளவும் தீராதது. அந்தக் கேள்வி இவ்வூரிலும் இதன் சுற்றுப்புறத்திலும் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது; எழுந்தபோதெல்லாம் வெவ்வேறு விடையைப் பெற்றுமிருக்கிறது.

முதல் விடை கபிலருடையது. கோவலையும் முள்ளூர் மலையையும் ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, சிறுபாணாற்றுப்படை எண்ணிச் சொல்லும் வள்ளல்கள் எழுவரில் ஒருவன். தன்னிடம் வந்தவர்களுக்குக் குதிரைகளையும் தேர்களையும் வாரி வழங்கியவன். அவனுடைய அவைக்குச் சென்ற கபிலர் அங்கே ஒரு குறையைக் கண்டார். புலவர்கள் பலர் வந்திருந்தார்கள். கல்வியிலும் கவித்திறத்திலும் அவர்கள் ஒருவருக்கொருவர் ஒப்பானவர்கள் அல்லர். ஆயினும் காரி எல்லாரையும் ஒரே கண்ணால் பார்த்து, எல்லாருக்கும் ஒரே மாதிரியாகப் பரிசு கொடுத்துவிட்டான். கொடுக்கிறவனுடைய பேரைக் கேட்டு நான்கு திக்கிலிருந்தும் கூட்டம் வரத்தான் செய்யும், அவர்களுக்கு அள்ளிக் கொடுப்பதும் உனக்குச் சிரமமான காரியம் அல்ல, யார் எத்தகையவர் என்று அறிந்து அவரவர் வரிசைக்கேற்பச் செய்வதுதான் அரிது, ஆகையால் புலவர்களிடத்தில் இந்தப் பொதுப்பார்வையை விட்டுவிடு என்ற கருத்தில், வாங்க வந்த இடத்திலேயே நின்றுகொண்டு, கொடுக்கும் அரசனுக்கு அவர் புத்தி சொன்னார். புறநானூற்றின் 121ஆம் பாட்டு அது.

மற்றவர்களுக்கும் தமக்கும் ஒரே பரிசா என்ற மனக்குறையால் கபிலர் அப்படிப் பேசினார் என்று நினைக்க இடமில்லை. பாரியின் உயிர்த்தோழர் அவர். படர்வதற்குக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த அந்தப் பாரியைப் பற்றிப் பாடும்போது, அறிவில்லாதவர்கள் போய் நின்றாலும், எளியவர்கள் போய் நின்றாலும், கொடுப்பதைத் தன் கடமையாகக் கொண்டவன் அவன் என்று புகழ்ந்தவரும் இதே கபிலர்தான். காரியைப் பற்றியே அவர் பாடிய இன்னொரு பாட்டில், நாள் நல்ல நாளாக இல்லாவிட்டாலும், சகுனம் பிழைத்தாலும், சமயமல்லாத சமயத்தில் போய்ச் சொல்லத் தெரியாமல் எதையோ சொன்னாலும், மலையமானிடம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று கூறுகிறார். இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவனுக்கு முதலில் முரண்பாடு இருப்பதாகவே தோன்றும். சற்று நிதானித்துப் பார்த்தால் முரண்பாடு மறைந்துவிடுகிறது. தகுதி பார்க்கச் சொன்னது புலவர்கள் விஷயத்தில். அவர்கள் பெறுவது சம்மானம். கல்விக்குச் செய்யும் மரியாதையில் தரம் தெரியாவிட்டால் அது மரியாதை ஆகாது. உயர்ந்தவனைத் தாழ்த்தியதாகவும், தாழ்ந்தவனை அவன் நிலை அறியாதபடி மயக்கியதாகவுமே முடியும். வறுமையோடு வந்து நிற்பவன் விஷயத்தில் கபிலர் அப்படி ஒரு சோதனையை எங்கும் வைக்கவில்லை.

அவர் சோதித்தது கொடுப்பவனைத்தான். காலையிலே மது அருந்திக் களித்துத் தேரைத் தானம் செய்வது எவனுக்கும் கைவரும், மலையனோ மது அருந்தாத தெளிவிலேயே கொடுத்தவன், அப்படி அவன் கொடுத்த தேர்கள் முள்ளூர் மலையின்மேல் பெய்த மழைத்துளிகளிலும் அதிகம் என்று அவர் மற்றொரு பாட்டில் சொல்வதிலிருந்து, தானத்தில் அவர் எதை முக்கியமாகக் கருதினார் என்பது விளங்கும். கொடுக்கும்போது அறிவு விழித்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இதற்கு எதிர்க்கட்சியும் சங்ககாலத்திலேயே இருந்தது. வற்றிய குளத்திலும் அகன்ற வயலிலும் களர்நிலத்திலும் வேற்றுமை பாராமல் பெய்யும் மழையைப் போன்றவன் பேகன் என்று பாடிய பரணர், அந்த அறியாமையைக் கொடைமடம் என்று பெயரிட்டுப் போற்றினார். மயிலுக்குப் போர்வை அளித்த பேகனிடம் வரிசையறிதலைப் பற்றிப் பேசிப் பயன் என்ன?

மலையமான் குலத்துக்கே பின்பு ஒருநாள் இரந்து நிற்கும் நிலை வந்தது. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் மக்களைப் பிடித்து வந்து யானைக்காலில் இடத் துணிந்தபோது, அந்தக் குழந்தைகள் யானையைக் கண்ட வியப்பிலே அழுகையை மறந்து, மன்றத்தில் கூடியிருந்த புதிய மனிதர்களைப் பார்த்து மருண்டு நின்றார்கள். கோவூர் கிழார் குறுக்கே வந்தார். நீ ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்களோ கல்வியை உழுது உண்பவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து கொடுத்த குலத்துப் பிள்ளைகள் என்று அவர் சொன்ன வாதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. குழந்தைகளின் தகுதியை அவர் பேசவில்லை. அவர்களுக்கு அந்த வயதில் என்ன தகுதி இருக்க முடியும்? சிபியின் கதையை நினைவூட்டி அரசனுடைய கடமையைப் பேசினார். அவர்களுடைய முன்னோர் கொடுத்ததைப் பேசினார். புலவர்களுக்குக் கொடுத்த வீட்டுக்கு ஒரு புலவர் உயிர்ப்பிச்சை வாங்கித் தந்தார்.

வடமொழித் தர்ம சாஸ்திரங்களும் கபிலர் பேசிய விவேகத்தையே வற்புறுத்துகின்றன. ஆனால் அவற்றின் நோக்கம் வேறு. கைம்மாறு செய்ய இயலாதவனுக்கு, கடமை என்ற எண்ணத்தோடு, உரிய தேசத்தில், உரிய காலத்தில், உரிய பாத்திரத்துக்குக் கொடுப்பது சாத்விக தானம் என்றும், தகாதவனுக்கு அவமரியாதையோடு கொடுப்பது தாமச தானம் என்றும் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. வித்தை மட்டும் இருந்தால் போதாது, தவம் மட்டும் இருந்தாலும் போதாது, ஒழுக்கத்தோடு அவ்விரண்டும் சேர்ந்திருப்பவனே பாத்திரம் என்பது யாக்ஞவல்கியர் கொள்கை. மனு இன்னும் கண்டிப்பானவர். பூனை விரதம் பூண்டவன் என்று தாம் பெயரிட்டழைக்கும் வேஷதாரிப் பிராமணனுக்குத் தண்ணீர்கூடத் தரலாகாது என்பார். அவர் அத்தோடு நில்லாமல், வாங்குகிறவனையும் எச்சரிக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படிப்பில்லாதவன் பொன்னையும் பூமியையும் பசுவையும் தானமாக ஏற்றால் கட்டையைப் போல் எரிந்து சாம்பலாவான் என்றும், யோக்யதை உள்ளவனுங்கூடப் பிரதிக்ரஹத்தில் பற்று வைத்தால் அவனுடைய பிரம்மதேஜஸ் அணைந்துவிடும் என்றும் அவர் கூறுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வங்க அரசன் வல்லாளசேனன் தானசாகரம் என்ற தொகுப்பு நூலைச் செய்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் ஹேமாத்ரி தம் பெருநூலில் தானத்துக்கென்றே ஒரு காண்டத்தை ஒதுக்கினார். தானம் என்பது மனம் போனபடி செய்யும் காரியமாக இல்லாமல் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது.

இத்தனை கண்டிப்புக்கிடையே சாஸ்திரகாரர்கள் ஒரு வாசலை மட்டும் திறந்தே வைத்திருந்தார்கள். அது அன்னதானம். வீடு தேடி வந்த அதிதியிடம் கோத்திரத்தையும் படிப்பையும் விசாரிக்காதே என்று பராசர ஸ்மிருதி சொல்கிறது. சாப்பாட்டுக்காகத் தன் குலத்தையும் கோத்திரத்தையும் சொல்லிக்கொள்ளாதே என்று மனுவே பிராமணனைத் தடுக்கிறார். தமிழிலோ இந்த வாசல்தான் தலைவாசல். வறியவர்க்குக் கொடுப்பது ஒன்றே ஈகை, மற்றவையெல்லாம் திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு கொடுப்பவை என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தைத் தொடங்கும்போதே தீர்த்துவிடுகிறார். பசியைத் தாங்க முடியாதவர்களுக்கு உணவிடுவது தர்மம், தாங்கக் கூடியவர்களுக்குக் கொடுப்பது தர்மத்தை விலைக்கு விற்பது என்பது மணிமேகலை ஆசிரியர் சாத்தனாரின் முடிவு. சாஸ்திரகாரர் வாங்குபவனிடத்தில் வித்தையையும் தவத்தையும் தேடினார். சாத்தனார் அவனிடத்தில் பசியைத் தேடினார். இரண்டும் தகுதி பார்ப்பதுதான். ஆனால் பின்னதற்குச் சான்றுப் பத்திரம் வேண்டியதில்லை.

திருக்கோயிலூரின் உலகளந்த பெருமாள் கோயிலுக்குள் போகிறவர்கள், வலது கையில் சங்கும் இடது கையில் சக்கரமுமாக, ஒரு திருவடியை மேலே தூக்கிய நிலையில் நிற்கும் அந்த மரத்தாலான பெரிய திருமேனியின் முன்னே, இந்தக் கேள்வியின் மிகப் பெரிய உதாரணத்துக்கு எதிரே நிற்கிறார்கள். வாமனனாக வந்தவன் பிராமணப் பிரமசாரி, கேட்டது மூன்றடி மண், இடம் வேள்விச்சாலை. சாஸ்திரப்படி தேசம், காலம், பாத்திரம் மூன்றும் பொருந்தியிருந்தன. பொருந்தவில்லை என்று கண்டவர் சுக்கிராசாரியார் ஒருவரே. அவர் பார்த்தது பிழையுமல்ல. வந்தவன் சொன்னது ஒன்று, அவன் அடையப்போவது வேறு. மகாபலி அதை அறிந்த பின்பும் தாரை வார்த்தான். கேட்கிறவன் உலகத்துக்கெல்லாம் நாயகனாக இருந்து, அவன் கை கீழேயும் தன் கை மேலேயும் இருக்குமானால் அதைவிடப் பேறு வேறென்ன என்ற கருத்தில் பலி தன் குருவுக்குச் சொல்லும் மறுமொழியைக் கம்பர் எடுத்துரைத்திருக்கிறார். ஆராய்ச்சியில் குரு வென்றார். தானத்தில் சீடன் வென்றான். எந்தப் புராணமும் பலியை ஏமாளி என்று இகழவில்லை.

இதைவிடக் கடுமையான சோதனை அதே ஊரில் மெய்ப்பொருள் நாயனாருக்கு நேர்ந்தது. சேக்கிழார் அவரை மலாடர் தலைவராகவே, அதாவது காரியின் குலத்து அரசராகவே காட்டுகிறார். போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், உடம்பெங்கும் நீறு பூசி, சடைமுடி தரித்து, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு, அரண்மனையின் வாயில்களையெல்லாம் அந்த வேஷத்தின் பலத்தாலேயே கடந்து, அரசர் துயில்கிறார் என்று கடைசி வாயிலில் தடுத்த தத்தனையும் மீறி உள்ளே சென்றான். எவரிடமும் இல்லாத ஓர் ஆகமத்தை உமக்கு மட்டும் உபதேசிக்க வந்தேன் என்றான். அரசர் அரசியை அப்பால் அனுப்பி, வந்தவனை ஆசனத்தில் இருத்தி, தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். வணங்கியபோது குத்தினான். வாளை ஓங்கிப் பாய்ந்த தத்தனை அந்த நிலையிலும் தடுத்து, இவர் நம்மவர், ஊரார் தீங்கு செய்யாதபடி எல்லை வரையில் கொண்டுபோய் விட்டுவா என்று ஏவிய நாயனார், தத்தன் திரும்பி வந்து அப்படியே செய்துவிட்டேன் என்று சொல்லும் மட்டும் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு, நாயனார் ஆராய்ந்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை; தத்தனும் அப்படித்தான் எண்ணினான், அவனைச் சேக்கிழார் குறை கூறவில்லை. நாயனார் வணங்கியது முத்தநாதனை அல்ல, அவன் தரித்திருந்த சின்னத்தை. ஒரு வஞ்சகனுக்காக அந்தச் சின்னத்தைச் சந்தேகிக்கத் தொடங்கினால், நாளைக்கு அதே சின்னத்தோடு வரும் ஆயிரம் உண்மையடியாரும் வாயில்தோறும் நிறுத்தி விசாரிக்கப்படுவார்கள் அல்லவா? அந்த விலையைக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. தம் உயிரை விலையாகக் கொடுத்தார்.

இதே மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துத் திருநாவலூர், சுந்தரர் அவதரித்த தலம். குழந்தை சுந்தரரைத் தெருவில் கண்டு, பெற்றோரிடம் வேண்டி அழைத்துச் சென்று அரண்மனையில் வளர்த்த நரசிங்க முனையரையரும் அறுபத்துமூவரில் ஒருவர். திருவாதிரை நாள்தோறும் சிவபூசை முடித்து, வந்த அடியார் ஒவ்வொருவருக்கும் நூறு பொன்னுக்குக் குறையாமல் கொடுத்து அமுது செய்விப்பது அவர் நியமம். அப்படிப்பட்ட ஒரு நாளில், காமக்குறிகள் வெளிப்பட்ட உடம்போடு நீறு மட்டும் பூசிய ஒருவர் வந்தார். பக்கத்திலிருந்தவர்கள் முகத்தைச் சுளித்து ஒதுங்கினார்கள். முனையரையர் அதைப் பார்த்தார். தாமே எதிரே சென்று கைகூப்பி, அவருக்கு இருநூறு பொன் கொடுத்து இனிய மொழி சொல்லி அனுப்பினார். கபிலர் அந்த அவையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வரிசை தலைகீழாகிவிட்டது என்று வருந்தியிருக்கலாம். ஆனால் அந்த இரட்டிப்பு, வந்தவருடைய ஒழுக்கத்துக்குக் கொடுத்த பரிசன்று; அவரை இகழ்ந்து பாவத்தைத் தேடிக்கொள்ள இருந்தவர்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது என்று சேக்கிழார் தெளிவாக்குகிறார். தானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது மனிதனையும் கணக்கில் கொண்ட வள்ளல் அவர் ஒருவரே என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய தென்னாற்காட்டு எல்லைக்குள்ளேயே இந்த மரபின் இரண்டு கிளைகளும் ஸ்தாபனங்களாகவும் உருவெடுத்தன. ராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரத்தில் நடந்த கல்லூரிக்கு ஏற்பட்ட அறக்கட்டளை, யார் யாருக்கு அது உரியது என்பதைக் கல்லிலே வெட்டி வைத்தது: வேதமும் பிறவும் ஓதும் இளைய மாணவர் 270 பேர், வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும் கற்கும் மூத்த மாணவர் 70 பேர். படிப்பு ஏற ஏறப் படியும் ஏறிற்று. இது வரிசையறிந்து கொடுப்பது. வடலூரில் 1867ஆம் ஆண்டு ராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பேற்றி வைத்தார். ஜாதி, சமயம், தேசம், ஒழுக்கம் எதையும் கேளாமல் பசித்தவர் எவராயினும் சோறு என்பது அங்கே விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்தவேண்டியதில்லை. கல்விக்கு உதவுகிறவன் கற்பவனைத் தேடித்தான் ஆகவேண்டும். சோறு போடுகிறவன் இலையைப் போட்டுவிட்டு விசாரணை நடத்தலாகாது. எண்ணாயிரத்து விதியை வடலூரிலும், வடலூர் விதியை எண்ணாயிரத்திலும் நடத்த முற்பட்டால் இரண்டும் கெடும். நம் நாட்டில் பெரும்பாலும் நடந்த பிழை முதல் வகையைச் சேர்ந்தது: பசித்தவனுடைய பிறப்பை விசாரித்து அவனை வேறு பந்திக்கு அனுப்பியதும், பந்தியே இல்லாமல் துரத்தியதும். அதற்கு எந்த நியாயமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைக்குப் போனால் இந்தப் பிரச்சினையின் மற்றொரு முகம் தெரிகிறது. கோமுகி நதி பிறக்கும் அந்த மலைகளில், சாமையும் தினையும் விதைத்தும் கடுக்காய் பொறுக்கியும் வாழ்ந்துவரும் மலையாளி என்னும் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் வசத்தில் பல தலைமுறைகள் இருந்தது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் வழங்கிய உரிமை அது என்பது செவிவழி மரபு. மலையில் உழுதவன் ஜாகீர்தாருக்கு வரி செலுத்தினான், ஊழியமும் செய்தான்.

பூமிதானத்தின் பெருமையைச் சொல்லும் ஸ்மிருதிகளையும், ஆயிரக்கணக்கான செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் பார்க்கும்போது, கொடுத்தவனுடைய வமிசப் பெருமையும் வாங்கியவனுடைய கோத்திரமும் சூத்திரமும் வித்தையும் விரிவாக எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். நான்கெல்லையும், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்படச் சகலமும் சொல்லப்படுகின்றன. அந்த மண்ணை உழுதவனுடைய சம்மதம் கேட்கப்பட்டதாக நான் எதிலும் படித்ததில்லை. பாத்திரம் எது, அபாத்திரம் எது என்று நூற்றாண்டுக்கணக்கில் நுணுகி ஆராய்ந்த மகான்கள், தானமாகக் கொடுக்கப்படும் பொருள் கொடுப்பவனுக்கு முழுதும் உரியதுதானா என்று மட்டும் போதுமான அளவு கேட்கவில்லை. தன்னுடையதல்லாததைக் கொடுத்தால் பயனில்லை என்று பொதுவாகச் சொன்னார்கள். மண்ணின் விஷயத்தில் அது அரசனுடையது என்று எடுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்கள். கபிலருங்கூட, காரியின் நாடு தீயோம்பும் அந்தணர்களுடையது என்று அவனுடைய வள்ளன்மையைப் புகழ்ந்தபோது, அந்த நாட்டின் குடிகளை நினைத்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது மனிதனைக் கணக்கில் கொண்ட முனையரையருடைய கண் அங்கே தேவைப்பட்டது.

கல்வராயன் மலை ஜாகீர்கள் சுதந்திரம் வந்த பின்பும் நீடித்தன. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963ஆம் ஆண்டில் இயற்றப்பட்டும், மலையை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள 1976ஆம் ஆண்டு ஆயிற்று. அதன் பின்னரும் எந்தக் காடு யாருடையது, எந்தக் கொல்லைக்கு யார் பேரில் பட்டா என்ற விவகாரங்கள் மலையில் ஓயவில்லை. காடுகளில் வாழ்வோரின் உரிமைகளை ஒப்புக்கொண்டு மத்திய அரசாங்கம் 2006ஆம் ஆண்டில் சட்டம் செய்தபோது, அது உரிமையை அங்கீகரிக்கும் சட்டம் என்றே பெயர் வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒருவன் திருத்தி உழுத நிலத்தை அவனுக்கு எழுதிக் கொடுக்கும் அந்தக் காகிதத்தில் தாதாவும் இல்லை, பாத்திரமும் இல்லை. அவனுடைய பெயரும் நிலத்தின் நான்கெல்லையும் இருந்தால் போதும்.